பதிமூணாவது தட்டு

தம்பி: பதிமூணு.

அக்கா: என்னடா பதிமூணு?

தம்பி: அந்தக் கடைசி 'தள்ளு'வை டிரம்முல பதினாறு தட்டு வரைக்கும் நீ இழுக்கணும். பதிமூணாவது தட்டுல குரல் உடைஞ்சிடுச்சு. போன தடவையும் பதிமூணு. அதுக்கு முந்தின தடவையும் பதிமூணு.

அக்கா: நீ பாஸ் கிட்டார் வாசிக்க வந்தியா, கணக்கு வாத்தியார் வேலைக்கு வந்தியா?

தம்பி: ரெண்டுக்கும்தான். டேப் மெஷினைப் பார்த்துக்கிற வேலையும் என் தலையிலதான். எண்ணாம என்ன பண்றது?

டாக்டர்: டிரம்முல நான் வேணா ஏதாவது மாத்தி வாசிக்கட்டுமா?

அக்கா: ஐயோ, உங்க மேல ஒரு குத்தமும் இல்லை டாக்டர். நீங்க கடிகாரம் மாதிரி வாசிக்கிறீங்க. மேல வீட்டுல வாஷிங் மெஷின் ஓடுது பாருங்க, அந்த அதிர்வு இந்தக் கார் ஷெட்டுக்குள்ள இறங்கி மைக்குல ஏறுது.

தம்பி: மேல மெஷின் ஓடலை.

அக்கா: ஓடுச்சு.

தம்பி: நேத்து ஓடுச்சு.

அக்கா: எதிர்த்துப் பேசுறதுக்குன்னே பொறந்தவன்டா நீ.

தம்பி: சரி, மெஷின்தான். போன தடவை டாக்டரோட ஷூ சத்தம். அதுக்கு முன்னாடி நான் சூயிங் கம் மென்னேன். அதுக்கும் முன்னாடி பக்கத்து வீட்டு நாய். அது இப்போ ஊர்லயே இல்லை, டூர் போயிருக்கு அவங்களோட.

அக்கா: வாயை மூடிக்கிட்டு டேப்பைச் சுத்து.

தம்பி: சுத்தறேன். மணி என்ன தெரியுமா? பத்தரை.

அக்கா: தெரியும்.

தம்பி: பன்னெண்டு மணிக்கு மாமா வர்றார்.

அக்கா: தெரியும்னு சொல்றேன்ல. உன் மாமா வருவார், அவரோட டிரம் செட்டை வண்டியில ஏத்துவார், போவார். அதுக்கு முன்னாடி இந்த ஒரு பாட்டு முடிஞ்சா பத்துப் பாட்டும் ஆச்சு. நாளைக்குக் கம்பெனிக்கு டேப்பைக் குடுத்தா ஆல்பம் வெளியில வந்துடும்.

டாக்டர்: குடுக்கலைன்னா?

தம்பி: அடுத்த வருஷம் பார்க்கலாம்பாங்க. அடுத்த வருஷம் எங்களை யாருன்னு கேப்பாங்க.

அக்கா: டாக்டர், உங்ககிட்ட ஒரு செட் இருந்தா இந்த அவஸ்தையே இல்லை.

டாக்டர்: ஃபிளாட்ல டிரம் செட் வச்சா கீழ் வீட்டுக்காரர் என் பல்லையே பிடுங்கிடுவார். நான் காலேஜ்ல வாசிச்சதோட சரி. அப்புறம் கிளினிக் ட்ரேலதான் தட்டிக்கிட்டிருந்தேன்.

தம்பி: அதைத்தான் கேட்டேன் நான். கடைவாய்ப் பல்லை அடைக்கிறாங்க, என் வாய் முழுக்கப் பஞ்சு, பக்கத்துல இடுக்கியால டக்கு டக்குன்னு அப்படி ஒரு தாளம். வாயில இருந்த பஞ்சோடவே கேட்டேன், 'பேண்டுக்கு வர்றீங்களா'ன்னு.

டாக்டர்: எனக்கு 'பாண்டேஜ் இருக்கா'ன்னு கேட்ட மாதிரி இருந்தது.

அக்கா: கதை போதும். எடுப்போமா?

தம்பி: எடுப்போம். டேப் ஓடுது.

டாக்டர்: ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு ரெண்டு மூணு நாலு!

அக்கா: ...சாவி இருக்கு, பெட்ரோல் இருக்கு, ஏறி உக்கார ஆளும் இருக்கு... வண்டி மட்டும் நகரலையே... தள்ளூஊஊஊஊ... சே!

தம்பி: பதி...

அக்கா: சொன்னேன்னா கிட்டாராலயே போடுவேன்.

தம்பி: நான் ஒண்ணும் சொல்லலையே.

டாக்டர்: ஒரு யோசனை. அந்தத் 'தள்ளு'வைப் பன்னெண்டு தட்டோட நிறுத்திக்கிட்டா என்ன? கேக்குறவங்க எண்ணிக்கிட்டா இருக்கப் போறாங்க?

அக்கா: நிறுத்த முடியாது.

டாக்டர்: நடுவுல ஒரு மூச்சு வாங்கிட்டு...

அக்கா: முடியாது டாக்டர். வண்டியைத் தள்ளுறவன் நடுவுல கையை எடுத்தா என்ன ஆகும்? பின்னால வந்து காலு மேல ஏறும். அந்தப் பாட்டே அதுதான். மேடையில பத்து வருஷமா பதினாறு தட்டு இழுத்திருக்கேன். ஒரு தடவை கூட உடைஞ்சதில்லை.

தம்பி: ஆமா... மேடையில உடைஞ்சதில்லை.

அக்கா: என்ன இழுக்குற?

தம்பி: ஒண்ணுமில்லை. ஆமாதான்னேன்.

அக்கா: தொண்டை கட்டியிருக்கு. வேற ஒண்ணுமில்லை. நேத்து மூணு பேருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். மூணு பேரும் ஒரே கம்பத்துல இடிக்கப் பார்த்தாங்க. கத்திக் கத்தி...

டாக்டர்: டிரைவிங் ஸ்கூல் வேலைன்னாலே தொண்டை போயிடும்.

அக்கா: எல்லாருக்கும் வேகம்தான் டாக்டர் வியாதி. வீட்டுலயும் ஒருத்தர் இருந்தார். பத்து வருஷம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. மூணாவது சரணம் வந்தாப் போதும், பின்னாடி யாரோ துரத்துற மாதிரி ஓடுவார். ஒரு ஆளுக்குத் தாளம் நிக்கலைன்னா நாலு பேர் முன்னாடி எனக்குத்தானே அசிங்கம்?

தம்பி: அக்கா, வெந்நீர் குடிச்சிட்டு வாயேன்.

அக்கா: எதுக்கு?

தம்பி: தொண்டை கட்டியிருக்குன்னு நீதானே சொன்னே? போ. நல்லா சூடா, ரெண்டு டம்ளர். அவசரமில்லை.

அக்கா: இவ்வளவு நேரம் மணி ஓடுதுன்னு உயிரை வாங்கினவன், இப்போ அவசரமில்லைங்கிறான். வர்றேன். யாரும் மைக்கைத் தொடக் கூடாது.

டாக்டர்: போயிட்டாங்களா?

தம்பி: படி ஏறுறா... ஏறிட்டா. ஷட்டரைக் கொஞ்சம் இறக்கட்டுமா?

டாக்டர்: வேணாம், மூச்சு முட்டும். நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

தம்பி: பல் டாக்டர் அப்படி ஆரம்பிச்சா அடுத்தது ஊசிதான்.

டாக்டர்: உங்க மாமாவைப் போய்ப் பார்த்தேன்.

தம்பி: எந்த மாமா?

டாக்டர்: இந்த செட்டுக்குச் சொந்தக்கார மாமா. உங்க அக்கா வீட்டுக்காரர்.

தம்பி: ஐயய்யோ... எப்போ?

டாக்டர்: மூணு வாரமா. புதன்கிழமை சாயங்காலம்.

தம்பி: மூணு வாரமா! அக்காவுக்குத் தெரிஞ்சா உங்களையும் அனுப்பிடுவா, என்னையும் அனுப்பிடுவா, தனியா நின்னு கையைத் தட்டிக்கிட்டு ஆல்பம் போடுவா.

டாக்டர்: பின்ன நான் யார்கிட்ட கத்துக்கிறது? நீங்க ஒரு காகிதம் குடுத்தீங்களே. 'இங்க டம் டம், அங்க படபட, அப்புறம் கொஞ்சம் சும்மா இரு.' அது என்ன, மருந்துச் சீட்டா?

தம்பி: எனக்குப் புரியுது.

டாக்டர்: உங்களுக்குப் புரியும். வாசிக்கிறது நான். அவர்தான் பொறுமையா உக்காந்து சொல்லிக் குடுத்தார், சோபா கைப்பிடியில தட்டி. அவர் அண்ணி வந்து திட்டினாங்க. நாலு பாட்டு ஒழுங்கா வந்ததே அதனாலதான். இந்தக் கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஒண்ணு தனியா சொன்னார்.

தம்பி: ஒன்பதாவது தட்டு.

டாக்டர்: உங்களுக்குத் தெரியுமா?

தம்பி: நீங்க சொல்லுங்க முதல்ல.

டாக்டர்: ஒன்பதாவது தட்டுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வேகம் எடுக்கணுமாம். பட்டும் படாம. அப்போ பதினாறு தட்டு சீக்கிரம் முடிஞ்சிடும். 'அவ மூச்சு பதிமூணு வரைக்கும்தான் வரும், மிச்சம் மூணை நான் பார்த்துப்பேன், இனிமே நீங்க பார்த்துக்கணும்'னார்.

தம்பி: பத்து வருஷமா பார்த்துக்கிட்டார்.

டாக்டர்: அப்போ இவங்க ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்களே, 'என் வீட்டுக்காரருக்குத் தாளம் நிக்காது'ன்னு?

தம்பி: பத்து வருஷமா அதையும் கேட்டுக்கிட்டார். சிரிப்பார். 'ஆமா, எனக்குக் கொஞ்சம் அவசரம்'பார். எனக்கே அவ்வளவு நாளும் தெரியாது டாக்டர். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

டாக்டர்: என்னைக்கு? ரெண்டு பேருக்கும் சண்டை வந்த அன்னைக்கா?

தம்பி: ஆமா. கோரஸ்ல கை தட்ட ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேர் வந்திருந்தாங்க. அக்கா தாளம் தப்பாம அடிக்கிற டிக் டிக் மெஷின் ஒண்ணு வாங்கிட்டு வந்து அவர் காதுல மாட்டி விட்டா. 'இந்த ஆல்பத்துலயாவது கொஞ்சம் மனுஷன் மாதிரி வாசிங்க'ன்னா. அவர் என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் 'சரிம்மா, உன் இஷ்டம்'னுட்டார்.

டாக்டர்: அப்புறம்?

தம்பி: பதிமூணாவது தட்டுல உடைஞ்சுது. கிட்டாரைக் கழட்டி வச்சா. ஆறு பேர் முன்னாடி, 'மறுபடியும் வேகம் எடுத்துக் கெடுத்துட்டீங்க, உங்களை வச்சுக்கிட்டு ஒரு காரியமும் உருப்படாது'ன்னா. இன்னும் என்னென்னமோ சொன்னா. அதையெல்லாம் நான் சொல்லலை.

டாக்டர்: அவர் ஒண்ணும் சொல்லலையா?

தம்பி: குச்சி ரெண்டையும் பையில போட்டார். ஷூ மாட்டினார். எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க, அவருக்கு லேஸ் கட்ட வரலை. ரெண்டு தடவை அவிழ்ந்துபோச்சு. அப்படியே போனவர்தான். ஆறு வாரம் ஆகுது, அண்ணன் வீட்டுலதான் இருக்கார்.

டாக்டர்: உண்மையிலேயே வேகம் எடுத்தாரா அன்னைக்கு?

தம்பி: அங்கதான் டாக்டர் இருக்கு விஷயம். எடுக்கலை. டேப்பை அந்த டிக் டிக் மெஷினோட சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு தட்டு முன்ன பின்ன இல்லை. அவ கேட்ட மாதிரியே, அப்படியே வாசிச்சிருக்கார்.

டாக்டர்: அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

தம்பி: மாமாவுக்குப் போன் பண்ணேன். அப்போதான் அந்த ஒன்பதாவது தட்டுக் கதையே சொன்னார். 'அவகிட்ட சொல்லிடாதே, பாடுறதையே விட்டுடுவா'ன்னார். டேப்பை அழிச்சாச்சுன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். அழிக்கலை. அந்த மேல் ஷெல்ஃப்ல, பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு.

டாக்டர்: என்ன குடும்பம்யா இது. ஆளாளுக்கு ஒண்ணை ஒளிச்சு வச்சுக்கிட்டு.

தம்பி: சட்டையெல்லாம் எடுத்துட்டுப் போயாச்சு. ஷேவிங் செட் போயாச்சு. இன்னைக்கு இந்த டிரம்மும் போச்சுன்னா மாமா இந்தப் பக்கம் வர்றதுக்கு வேற சாக்கே இல்லை. அது என் கவலை. பாட்டு ரெண்டாவது.

டாக்டர்: இப்போதைக்குப் பாட்டை முடிப்போம். அவர் சொன்ன மாதிரி வேகம் எடுக்கட்டுமா?

தம்பி: கண்டுபிடிச்சிடுவா.

டாக்டர்: பத்து வருஷமா கண்டுபிடிக்கலையே?

தம்பி: அவர் மேல பழி போட்டுக்கிட்டிருந்தா. உங்க மேல என்ன போடுவா? ஷ்... வர்றா.

அக்கா: என்ன, நான் வந்ததும் ரெண்டு பேரும் கப்சிப்?

தம்பி: கேபிளைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.

அக்கா: மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலை. சரி, மணி பதினொண்ணே கால். இதுல முடிச்சிடணும். டாக்டர், ரெடியா?

டாக்டர்: ரெடி.

தம்பி: டேப் ஓடுது. யாரும் தும்மாதீங்க.

டாக்டர்: ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு ரெண்டு மூணு நாலு!

அக்கா: ...சாவி இருக்கு, பெட்ரோல் இருக்கு, ஏறி உக்கார ஆளும் இருக்கு... வண்டி மட்டும் நகரலையே... தள்ளூஊஊஊஊஊஊஊஊ!

தம்பி: பதினாறு! அக்கா, பதினாறு வந்துடுச்சு! பத்துப் பாட்டும் முடிஞ்சுது! டாக்டர், கையைக் குடுங்க!

டாக்டர்: அப்பாடா!

அக்கா: அழி.

தம்பி: என்னது?

அக்கா: அழிடா.

தம்பி: உனக்கு என்ன பைத்தியமா? முழுசா வந்திருக்கு! கண்ணாடி மாதிரி வந்திருக்கு!

அக்கா: டேய், அழின்னா அழி. டாக்டர், யார் சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?

டாக்டர்: எதை?

அக்கா: எதையா?

டாக்டர்: அது... கை தானா கொஞ்சம்...

அக்கா: மூணு வாரமா கடிகாரமா இருந்த கை, இன்னைக்குச் சரியா ஒன்பதாவது தட்டுல தானா வேகம் எடுத்துச்சா?

டாக்டர்: இந்தாங்க, குச்சியைக் கீழ வச்சுட்டேன்.

அக்கா: அவர்கிட்ட போனீங்களா?

டாக்டர்: போனேன். என்னைத் திட்டுங்க. ஆனா இதுக்கு மேல என்னால நடிக்க முடியாது. வாரம் பூரா மத்தவங்க வாய்க்குள்ள பார்த்துக்கிட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமையாவது கொஞ்சம் சத்தமா இருக்கலாம்னு வந்தேன். இங்க வந்தா ஒரு பக்கம் நீங்க வாஷிங் மெஷின்ங்கறீங்க, ஒரு பக்கம் உங்க தம்பி டேப்பை ஒளிக்கிறார், அங்க ஒருத்தர் சோபாவைத் தட்டித் தட்டி அண்ணிகிட்ட திட்டு வாங்குறார்...

அக்கா: என்ன டேப்பு?

தம்பி: டாக்டர்!

டாக்டர்: சொல்லிடுங்க. போதும்.

தம்பி: அக்கா... அன்னைக்கு எடுத்த டேப்பை நான் அழிக்கலை. அது...

அக்கா: பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி இருக்கே, அதுவா?

தம்பி: உனக்கு எப்படி...

அக்கா: ஷெல்ஃப்பைத் துடைச்சேன்.

தம்பி: எப்போ?

அக்கா: அது எதுக்கு இப்போ?

தம்பி: போட்டுக் கேட்டியா?

அக்கா: கேக்கலை.

தம்பி: கேட்டிருக்கணும். ஆறு வாரமா தொண்டையிலேயே வச்சுக்கிட்டிருக்கேன், இப்போ சொல்லிடறேன். அதுல மாமா ஒரு தட்டு கூட வேகம் எடுக்கலை. மெஷினோட வச்சுப் பார்த்துட்டேன். நீ அவரை அவ்வளவு பேச்சு பேசினியே, அதுல ஒண்ணு கூட...

அக்கா: கத்தாதே. பக்கத்துல நிக்கறேன்ல.

டாக்டர்: அவர் உங்களுக்காகத்தான் இத்தனை வருஷம் அப்படி வாசிச்சாராம். நீங்க மூச்சுக்குத் திணறிடக் கூடாதுன்னு.

அக்கா: ம்.

தம்பி: 'ம்'மா? அவ்வளவுதானா? இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்றோம், 'ம்'ங்கிறா! உனக்கெல்லாம் மனசு எதுல செஞ்சிருக்கு?

அக்கா: அந்தக் கேபிளை மிதிக்காம நில்லு.

டாக்டர்: ஒண்ணு கேக்கறேன். இப்போ வந்தது நல்லாத்தானே இருந்தது? அதை ஏன் அழிக்கணும்?

அக்கா: அது உங்க தாளம் இல்லை டாக்டர். வேற ஒருத்தரோடது. அதை உங்க கையால கேக்க என்னால முடியலை. அவ்வளவுதான். உங்க நாலு பாட்டும் அப்படியே இருக்கும், உங்க பேரும் அட்டையில இருக்கும். அவ்வளவு சுத்தமா நான் இதுவரைக்கும் கேட்டதில்லை, சத்தியமா.

டாக்டர்: நாலு போதும். எனக்கு நாளைக்குக் காலையில வேர் சிகிச்சை ஒண்ணு இருக்கு. அது இதைவிட நிம்மதியான வேலை.

தம்பி: ஹாரன் கேக்குதா?

டாக்டர்: வேன் மாதிரி இருக்கு.

தம்பி: மாமாதான். இருபது நிமிஷம் முன்னாடியே வந்துட்டார். ஷட்டர் முன்னாடியே நிறுத்தறார் பாரு. 'இங்கே வண்டி நிறுத்தாதீர்'னு இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு. அதைப் பார்த்துத்தான் பேண்டுக்கே பேரு வச்சார். இன்னைக்கு வரைக்கும் ஒரு நாளும் அதை மதிச்சதில்லை.

டாக்டர்: செட்டைக் கழட்ட ஆரம்பிக்கட்டுமா?

அக்கா: தொடாதீங்க.

தம்பி: அக்கா?

அக்கா: நீ போய் அவரை உள்ள கூட்டிட்டு வா.

தம்பி: வர மாட்டார். போன தடவை சட்டை எடுக்க வந்தப்போ கூட வாசல் கேட்டுலயே நின்னார். நானே தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன்.

அக்கா: ஒரு பாட்டு பாக்கி இருக்குன்னு சொல்லு.

தம்பி: 'டாக்டர் இருக்காங்கல்ல'ம்பார்.

அக்கா: டாக்டருக்கு வரலைன்னு சொல்லு.

டாக்டர்: எனக்கா வரலை! சரி சரி... சொல்லிக்கங்க. எனக்கு வரலை.

தம்பி: அந்தச் சாக்கெல்லாம் எடுபடாதுக்கா. ஆறு பேர் முன்னாடி பேசியிருக்கே. அந்த மனுஷன் லேஸ் கட்டத் தெரியாம நின்னதை நான் பார்த்தேன். உள்ள வரணும்னா அவருக்கு ஒரு வார்த்தை வேணும்.

அக்கா: தெரியுதுடா. அதைத்தானே யோசிச்சுக்கிட்டு நிக்கறேன்.

தம்பி: ஒண்ணு பண்றேன். பழியை என் மேல போட்டுடு. 'டேப்பை நான்தான் ஒளிச்சு வச்சிருந்தேன், இன்னைக்குத்தான் அக்கா கேட்டா, உங்க மேல தப்பில்லைன்னு இப்பத்தான் அவளுக்குத் தெரிஞ்சுது'ன்னு சொல்றேன். உனக்கும் கௌரவமா இருக்கும். அவரும் நம்புவார்.

டாக்டர்: நல்லாத்தான் இருக்கு. அப்படியே சொல்லுங்க.

அக்கா: வேணாம்.

தம்பி: மறுபடியும் ஹாரன் அடிக்கிறார். என்னதான் சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லு, போகணும்.

அக்கா: டேப்பெல்லாம் எனக்குத் தேவைப்படலைன்னு சொல்லு... அவர் ஒழுங்காத்தான் வாசிச்சார், எனக்குத்தான் மூச்சு பத்தலை. அது எனக்கு அன்னைக்கே, அந்தப் பதிமூணாவது தட்டுலயே தெரியும்னு சொல்லு.